நுண்புடகங்களும் நரம்பு நலிவு நோய்களும்

மருத்துவனின் கண்ணுக்கும் கைக்கும் எளிதில் எட்டாத உறுப்பு மூளை. ஈரலில் நோயெனின் ஊசியினால் ஒரு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தல் கூடும். சிறுநீரகம் பழுதுற்றால் அதன் குறை சிறுநீரிலேயே தெரியவரும். மூளையோ என்புக்கூட்டினுள், மூன்று உறைகளின் உள்ளே, தனக்கென அமைந்த பாய்பொருளில் மிதந்து மறைந்திருக்கின்றது. அதனின்று ஒரு துணுக்கை வெட்டியெடுத்தல், கட்டி முதலிய சில நிலைகளிலன்றி, எவரும் துணியாத செயல். ஆதலின் நரம்புக் கலங்கள் சிறிது சிறிதாக நலிந்து மடியும் நோய்களைப் பற்றிய அறிவு நெடுங்காலம் பிணவறையிலிருந்தே பெறப்பட்டு வந்தது.

1901ஆம் ஆண்டிற் சேர்மனியின் பிராங்பேட் நகர மனநோய் மருத்துவமனைக்கு 51 வயதுப் பெண்ணொருத்தி கொண்டுவரப்பட்டாள். அவளுடைய நினைவும் மொழியும் குலைந்து செல்வதை அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் விரிவாகக் குறித்து வைத்தார். 1906இல் அவள் இறந்தாள். அவளுடைய மூளையை வருவித்துச் சாயமேற்றி நோக்கியபோது, நரம்புக் கலங்களுக்கு வெளியே திட்டுத்திட்டான படிவுகளையும், கலங்களின் உள்ளே நூற்சிக்கல் போன்ற முறுக்குகளையும் அவர் கண்டார். படிவுகள் பீற்றா அமிலோயிட்டு என்னும் சிறு புரதத்தினால் ஆயவை என்பது 1984ஆம் ஆண்டின் பின்னரே தெளிவாயிற்று. முறுக்குகள் தௌ என்னும் புரதத்தினால் ஆயவை என்பதும் அவ்வாண்டுகளிலேயே வெளிப்பட்டது. நடுக்குவாதத்தின் கதையும் இத்தகையதே. 1817இல் ஜேம்ஸ் பாக்கின்சன் அந்நோயை விவரித்தார். 1912இல் லூவி என்பார் அந்நோயாளரின் மூளைக் கலங்களில் உருண்டைப் பொருள்களைக் கண்டார். 1997இலேயே அவ்வுருண்டைகள் பெரும்பாலும் அல்பா சினுக்கிளின் என்னும் புரதம் என அறியப்பட்டது. ஒவ்வொரு நோய்க்கும் உரிய புரதம் இன்னதென்று அறிந்த பின்னரும், இந்த நோயாளியின் மூளையில் அப்புரதம் படிந்துள்ளதா என்று அவர் உயிருடன் இருக்கும்போதே சொல்ல வழியில்லாதிருந்தது. மருத்துவர் குறிகளைக் கொண்டு ஊகித்தார். அவ்வூகம் சரியோ தவறோ என்பதை இறந்தபின் மூளையை வெட்டிப் பார்த்தவரே அறிந்தார்.

இது வெறும் அறிவுக் குறையன்று. இந்நோய்கள் வெளியே தெரியுமுன் பல்லாண்டுகள் உள்ளே நடப்பவை. பாக்கின்சன் நோயாளரின் கை முதன்முதல் நடுங்கும்போது, நடுமூளையின் கரும்பொருட் பகுதியிலுள்ள உரிய நரம்புக் கலங்களில் ஏறக்குறையப் பாதி அழிந்துபோயிருக்கும். அல்சைமர் நோயில் அமிலோயிட்டுப் படியத் தொடங்கிப் பதினைந்து இருபது ஆண்டுகள் சென்ற பின்னரே மறதி தலைகாட்டுகின்றது. மடிந்த நரம்புக் கலம் மீள முளைப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2023இல் முழு அங்கீகாரம் பெற்ற லெக்கனெமாப், 2024இல் அங்கீகாரம் பெற்ற டொனனெமாப் ஆகிய மருந்துகள் அமிலோயிட்டை மூளையினின்று அகற்றுவன. ஆயினும் இழந்த நினைவை அவை மீட்டுத் தருவன அல்ல. நோயின் விரைவை ஓரளவு தணிப்பனவே. மூளை வீக்கம், குருதிக் கசிவு என்னும் இடர்களும் அவற்றுக்கு உண்டு. ஆகவே, முற்றிய நோயாளிக்கு அவற்றைக் கொடுத்தலும் பயனற்றது. நோயில்லாதவருக்குக் கொடுத்தலோ தீங்கு. நோயைத் தொடக்கத்திலும் ஐயமறவும் அறியவேண்டிய தேவை இங்கே எழுகின்றது.

இடுப்பின் மேலே முதுகெலும்புகளின் இடையில் ஊசி செலுத்தி மூளைய முண்ணாண் பாய்பொருளை எடுத்துச் சோதித்தல் ஒரு வழி. கதிர்வீசும் பொருளைக் குருதியிற் செலுத்தி, அது அமிலோயிட்டிற் சென்று ஒட்டுவதைப் படமெடுத்தல் மற்றொரு வழி. இது 2004ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்தது. முன்னையதற்கு முதியோர் பலர் அஞ்சுவர். பின்னையதோ செல்வ நாடுகளின் பெருநகரங்களுக்கு வெளியே கிடைப்பதரிது. முழங்கையின் உட்புறத்தில் எடுக்கும் ஒரு தேக்கரண்டிக் குருதியே போதும் எனின் எவ்வளவு நன்று! அவ்விருப்பத்திற்குத் தடையாக நின்றது மூளையின் அமைப்பே. 1885இல் போல் ஏர்லிக் விலங்குகளின் குருதியிற் சாயத்தைச் செலுத்தியபோது உடல் முழுவதும் நிறமேற, மூளை மாத்திரம் வெளிறியே கிடந்தது. அவருடைய மாணவரான கோல்ட்மான் 1913இல் ஒரு சாயத்தை மூளையைச் சூழ்ந்த பாய்பொருளிற் செலுத்தினார். இப்பொழுது மூளை நிறமேறியது, உடலோ ஏறவில்லை. இரண்டிற்கும் இடையே ஒரு தடுப்பு உண்டென்பது இவற்றாற் புலனாயிற்று. அத்தடுப்பு மூளையைக் காப்பது. ஆயின் மூளையிலிருந்து செய்தி வெளிவருதலையும் அதுவே அரிதாக்குகின்றது. வெளிவரும் சிறிதளவு புரதமும் குருதியின் பெருவெள்ளத்தில் எங்கோ கலந்து மறைந்துவிடும்.

இந்நிலையிலேதான் ஆய்வாளரின் கண் நுண்புடகங்களின்மேல் விழுந்தது. கலங்கள் தம் மென்சவ்விற் பொதிந்து வெளியே விடும் மிக நுண்ணிய பைகளே இவை. பெரும்பான்மையானவற்றின் குறுக்களவு 30 முதல் 150 நானோமீற்றர். அவற்றினும் பெரியனவும் உள. நூறு நானோமீற்றர்ப் புடகங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினால், ஒரு செங்குழியத்தின் குறுக்களவை நிரப்ப எழுபதுக்கு மேல் வேண்டும். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டிக்கு இவை அகப்படா.

இவை முதலில் அறியப்பட்ட வரலாறு சுவையானது. 1946இற் சார்காவ், வெஸ்ற் என்னும் இருவர் குருதி உறைதலை ஆராய்ந்துகொண்டிருந்தனர். சிறுதட்டுக்கள் நீக்கப்பட்ட குருதிநீரை மையநீக்கியில் மேலும் விரைவாகச் சுழற்றியபோது அடியிற் படிந்த வண்டல், குருதியை உறையச் செய்யும் ஆற்றலுடையதாய் இருந்தது. அவ்வண்டல் யாதென அவர்களுக்கு விளங்கவில்லை. 1967இற் பீற்றர் வூல்ப் அதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கிக் குருதிச் சிறுதட்டுக்கள் உதிர்த்த நுண்பொருள் என்று கண்டு, ‘சிறுதட்டுத் தூசி’ என அழைத்தார். தூசியென்ற பெயரே அதற்கு அக்காலத்தில் இருந்த மதிப்பைக் காட்டும்.

1983இல் இரு ஆய்வுகூடங்கள் ஒரே பொருளில் ஒரே முடிவுக்கு வந்தன. கனடாவின் மொன்றியல் நகரில் றோஸ் ஜோன்ஸ்ரனின் குழுவினர் செம்மறியாட்டின் முதிராச் செங்குழியங்களை எடுத்துக்கொண்டனர். ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் வேறொரு குழுவினர் எலியின் செங்குழியங்களை எடுத்துக்கொண்டனர். முதிரும் செங்குழியத்துக்கு ஈமோகுளோபினை ஆக்க இரும்பு வேண்டும். இரும்பைச் சுமந்துவரும் புரதத்தைப் பற்றும் வாங்கிகள் அதன் மேற்பரப்பில் நிறைந்திருக்கும். முதிர்ந்தபின் இரும்பு வேண்டா, வாங்கிகளும் மறைந்துவிடும். எங்கே போயின? கலம் அவற்றை உள்ளேயே செரித்துவிடும் என்பதே எதிர்பார்ப்பு. கண்டதோ வேறு. கலம் வாங்கிகளை உள்ளிழுத்து, ஒரு பெரும் பையினுள்ளே பல சிறு பைகளாகப் பொதிந்து, அப்பெரும் பையை மேற்பரப்போடு இணைத்துச் சிறு பைகளை அப்படியே வெளியே கொட்டிவிட்டது. 1987இல் ஜோன்ஸ்ரன் இப்பைகளுக்கு எக்சோசோம் என்று பெயரிட்டார். ஆயினும் கலம் தன் குப்பையைக் கொட்டும் கூடை என்பதற்கு மேலாக அவற்றை மதித்தவர் சிலரே.

1996இல் நோயெதிர்ப்புக் கலங்கள் விடும் எக்சோசோம்கள் பிற கலங்களைத் தூண்டவல்லன என்று காட்டப்பட்டதோடு அவற்றின் மதிப்பு உயரலாயிற்று. 2007இற் சுவீடன் நாட்டுக் கோதன்பேக் நகர ஆய்வாளர் சுண்டெலிக் கலங்களின் எக்சோசோம்களை மனிதக் கலங்களோடு சேர்த்து வைத்தனர். எக்சோசோம்களுள் இருந்த ஆர். என். ஏ. மனிதக் கலத்தினுட் புகுந்தது. மனிதக் கலத்தில் சுண்டெலிக்குரிய புரதங்கள் உண்டாயின. குப்பைக்கூடை ஓலைப்பையாக மாறியது என்க. 2013இல் றொத்மன், செக்மன், சூடொவ் என்னும் மூவர் நோபெற் பரிசு பெற்றது கலத்தின் உள்ளே பொருள்களைச் சுமக்கும் புடகங்களைப் பற்றிய ஆய்வுக்கே. வெளியே செல்லும் புடகங்களை அது சார்ந்ததன்று. இரண்டையும் ஒன்றாக மயங்கி எழுதுவோர் உளராதலின் இதனைக் கூறவேண்டியதாயிற்று.

புடகம் நோய்ச்சுட்டியாகப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தின் அடிப்படை அதன் அமைப்பிலேயே உள்ளது. உட்புறத்தில் அது பிறந்த கலத்தின் குழியவுருவில் ஒரு துளி அடைபட்டுள்ளது. அக்கலத்தின் புரதங்களும் ஆர். என். ஏ.யும் அதனுள் உள. மென்சவ்வு அவற்றைச் சூழ்ந்திருத்தலால், குருதியிலுள்ள நொதியங்கள் அவற்றை எளிதில் அழிக்க இயலாது. வெளிப்புறமோ கலத்தின் வெளிப்புறமே. கலத்தின் மேற்பரப்பில் எப்புரதம் வெளிநோக்கி நின்றதோ, அப்புரதம் புடகத்தின் மேலும் வெளிநோக்கியே நிற்கும். ஓர் ஓலையின் வாசகம் அனுப்பியவனுடைய நிலையைக் கூறும். மேலிட்ட முத்திரை அவன் யார் எனக் காட்டும். அவ்வாறே புடகத்தின் அகம் கலத்தின் நலத்தையும், புறம் கலத்தின் குலத்தையும் அறிவிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

நோய்ப் புரதங்கள் புடகங்களிற் காணப்படுவதும் உறுதியாயிற்று. 2004இற் பிரியன் புரதமும், 2006இற் பீற்றா அமிலோயிட்டும், 2010இல் அல்பா சினுக்கிளினும், 2012இல் தௌவும் கலங்கள் விடும் எக்சோசோம்களோடு வெளிவருதல் காட்டப்பட்டது. சேர்மனியின் டிறெஸ்டன் நகரில் நடந்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், வெளிவந்த அமிலோயிட்டில் மிகச் சிறு பங்கே புடகங்களோடு சேர்ந்திருந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கலம் நஞ்சை வெளியேற்றித் தன்னைக் காக்கின்றதா, அன்றி அந்நஞ்சை அயற்கலத்துக்கு அனுப்பி நோயைப் பரப்புகின்றதா என்பது இன்னும் முடிவாகாத வழக்கு. இரண்டும் உண்மையாக இருத்தலும் கூடும். விலங்குகளிற் செய்த ஆய்வுகளில் புடகங்கள் குருதி–மூளைத் தடுப்பைக் கடப்பதும் காணப்பட்டது.

எஞ்சிய இடர் ஒன்றே, அதுவே பேரிடர். குருதியில் மிதக்கும் புடகங்களுட் பெரும்பாலானவை குருதிச் சிறுதட்டுக்களும் குருதிக் கலங்களும் விட்டவை. குருதிக்குழாய்ச் சுவரும் ஈரலும் பிற உறுப்புக்களும் விட்டவை அவற்றோடு கலந்துள. மூளையிலிருந்து வந்தன அவற்றுள் மிகச் சிலவே. பல ஊர்களின் வாய்க்கால்களும் வந்து கலக்கும் ஆற்றின் கழிமுகத்தில் ஒரு செம்பு நீர் மொண்டு, இதில் இன்ன ஊர்த் துளி எது என்று கேட்பதை ஒக்கும் இது.

அதற்கு ஒரு தூண்டில் வேண்டியதாயிற்று. நரம்புக் கலத்தின் மேற்பரப்பில் மிகுதியாகவுள்ள எல்-1-காம் என்னும் புரதத்தை ஆய்வாளர் தெரிந்துகொண்டனர். நரம்பிழைகள் வளரும்போது ஒன்றையொன்று பற்றிச் செல்ல உதவும் புரதம் இது. இதனைப் பற்றும் பிறபொருளெதிரியை நுண்மணிகளில் ஏற்றிக் குருதிநீரில் இட்டால், நரம்புக் கலம் விட்ட புடகங்கள் மாத்திரம் அதில் ஒட்டும்; அவற்றைக் கழுவியெடுத்து உடைத்து உள்ளிருக்கும் தௌவையும் அமிலோயிட்டையும் அளக்கலாம். முறை எளிது, செலவும் பெரிதன்று.

வந்த முடிவுகள் வியப்பூட்டின. 2014இல் ஐக்கிய அமெரிக்காவின் சியாற்றில் நகர ஆய்வாளர் இவ்வாறு பிரித்த புடகங்களில் அல்பா சினுக்கிளின் பாக்கின்சன் நோயாளரிடம் மிகுந்திருப்பதாக அறிவித்தனர். குருதியிலுள்ள அல்பா சினுக்கிளினில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்டது செங்குழியங்களுள் இருப்பதாகும். குருதி எடுக்கும்போது சில செங்குழியங்கள் உடைந்தாலே கணக்குக் கெட்டுவிடும். ஆதலின் நரம்புக் கலப் புடகங்களைத் தனியே பிரித்து அளத்தல் அந்நோயில் இரட்டிப்புத் தேவையாயிற்று. 2015இல் வெளிவந்த அல்சைமர் நோய் ஆய்வொன்று இன்னும் மேலே சென்றது. பின்னர் நோயுற்ற 24 பேரின் குருதி, நோய் வெளிப்படுவதற்கு 1 முதல் 10 ஆண்டுகள் முன்னரே எடுத்துச் சேமிக்கப்பட்டிருந்தது. அக்குருதியின் புடகங்களிலேயே நோய்ப் புரதங்கள் உயர்ந்திருந்தன என்றும், நோயாளரையும் நலமுடையோரையும் 96 விழுக்காடு சரியாகப் பிரித்தறிய முடிந்தது என்றும் அது கூறியது. இத்துறையில் ஆய்வுரைகள் பெருகின. எல்-1-காம் தூண்டிலைக் கையாளாதவர் அருகினர்.

எல்லாரும் அதைக் கையாண்டனர் என்பது அது சோதிக்கப்பட்டது என்பதற்குச் சான்றன்று. எல்-1-காம் நரம்புக் கலத்துக்கு மாத்திரம் உரியதன்று; சிறுநீரகத்திலும், வெண்குழியங்கள் சிலவற்றிலும், சில புற்றுக் கலங்களிலும் அது உண்டு. அதனினும் பெரியது மற்றோர் ஐயம். மேற்பரப்பில் நீட்டி நிற்கும் அதன் பகுதியை நொதியங்கள் வெட்டிவிட, அது புடகத்தோடு தொடர்பின்றித் தனியே பாய்பொருளில் மிதத்தலும் உண்டு. தூண்டிலில் மாட்டுவது புடகத்தின் மேலுள்ள எல்-1-காமா, அன்றி வெட்டுண்டு மிதக்கும் துண்டா?

2021இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வோல்ற், ஜோர்ஜ் சேர்ச் ஆகியோரின் குழுவினர் இவ்வினாவை நேரே எடுத்துக்கொண்டனர். அவர்கள் கையாண்ட முறையின் கருத்து எளியது. நுண்துளை மணிகள் நிறைந்த குழாயின் வழியே குருதிநீரை வடியவிட்டால், பெரிய பொருள்கள் துளைகளினுட் புகாமல் முன்னே வந்துவிடும். சிறு புரதங்கள் துளைதோறும் புகுந்து தயங்கிப் பின்னே வரும். ஆகவே முதலில் வடிவது புடகம். பின்னர் வடிவது தனிப்புரதம். புடகங்களுக்கு உரியவென ஐயமின்றி அறியப்பட்ட மூன்று புரதங்களை அவர்கள் அளந்தனர். அவை முன்னே வந்தன. தனிப்புரதமாகிய அல்புமினை அளந்தனர். அது பின்னே வந்தது. எல்-1-காம் எவற்றோடு வந்தது? அல்புமினோடு. குருதிநீரிலும் அவ்வாறே, மூளைய முண்ணாண் பாய்பொருளிலும் அவ்வாறே. எல்-1-காமை இப்பணிக்குக் கைக்கொள்ளற்க என்பதே அவர்களுடைய பரிந்துரை.

இம்முடிவு உண்மையாயின் அதன் விளைவு சிறிதன்று. முத்திரையை நம்பி மூளையின் ஓலையென்று படிக்கப்பட்டவை எவருடைய ஓலைகளோ என்று ஐயுறவேண்டி வரும். ஆயினும் நோயாளருக்கும் நலமுடையோருக்கும் இடையே அளவுகளில் வேறுபாடு காணப்பட்டது மெய்தானே என்று வினவலாம். மெய்யாக இருக்கலாம், அவ்வேறுபாடு மூளையைப் பற்றியது என்பதே நிறுவப்படாது போகின்றது. இரண்டையும் வேறுபடுத்தாமல் எழுதுதல் இத்துறையின் பழைய குற்றம். எல்-1-காம் முறையைக் கையாண்டோர் வாளாவிருக்கவில்லை. புடகங்களின் மேல் எல்-1-காம் உண்டு, அது அளவிற் குறைந்ததாதலின் அம்முறையில் அகப்படவில்லை என்று விடை கூறி, ஆதாரமும் காட்டியுள்ளனர். வழக்கு முற்றிலும் தீர்ந்ததன்று. எனினும் நிறுவும் கடமை இப்பொழுது தூண்டிலை வைத்திருப்போரைச் சார்ந்தது.

தூண்டிலுக்கு முன்னரும் இடர்கள் உள. கொழுப்பைச் சுமக்கும் இலிப்போபுரதத் துணிக்கைகள் குருதியில் புடகங்களைவிடப் பன்மடங்கு மிகுந்தவை. பருமனில் அவற்றை ஒத்தனவும் அவற்றுள் உள. துணிக்கைகளை எண்ணும் கருவி இரண்டையும் வேறுபடுத்தாது எண்ணிவிடும். குருதியைக் குழாயில் எடுத்துச் சிறிது நேரம் வைத்திருந்தாலே சிறுதட்டுக்கள் புதிய புடகங்களை உதிர்க்கும். அவற்றை நீக்காது உறையவைத்துச் சேமித்தால் பின்னும் உதிர்க்கும். ஒரு மருத்துவமனையிற் காலையில் எடுத்து உடனே சுழற்றிய குருதியையும், மற்றொன்றில் மாலைவரை மேசையிற் கிடந்த குருதியையும் ஒப்பிட்டு நோயின் வேறுபாடு என்று கூறுவோர் ஏமாறுவர். புடக ஆய்வாளரின் அனைத்துலகக் கழகம் 2014, 2018 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டுப் பின்னும் புதுக்கிய நெறிமுறைகள் இவற்றையே வற்புறுத்துகின்றன. எக்சோசோம் என்ற பெயரையும் கண்டவாறு வழங்கலாகாது என்பது அவற்றின் கருத்து. கலத்தின் உட்பையிலிருந்து வந்ததா, மேற்பரப்பிலிருந்து அரும்பிப் பிரிந்ததா என்று காட்ட இயலாதபோது, கலப்புறப் புடகம் என்னும் பொதுப்பெயரே தகும். ஆயின் அழகு நிலையங்களில் விற்கப்படும் களிம்புகள்வரை அப்பெயர் பரவிவிட்டதாதலின், அறிஞரின் அறிவுரை அங்கே செல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இதற்கிடையில் அல்சைமர் நோயைப் பொறுத்தவரை போட்டியே வேறொரு பக்கத்தில் முடிந்துவிட்டது எனலாம். அளவிடும் கருவிகளின் நுண்மை பெருகியதால், புடகங்களை நாடாது குருதிநீரிலுள்ள தௌவை நேரே அளத்தல் கைகூடிற்று. தௌவின் 217ஆம் இடத்தில் பொசுபேற்று ஏறிய வடிவம் மூளையில் அமிலோயிட்டுப் படியும்போது குருதியில் உயர்கின்றது. அவ்வடிவுக்கும் பீற்றா அமிலோயிட்டு 42 என்பதற்கும் உள்ள விகிதத்தை அளக்கும் சோதனை ஒன்றுக்கு, நோய்க்குறிகளையுடைய 55 வயதும் அதற்கு மேலும் உடையோரிடம் பயன்படுத்துமாறு, ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் 2025 மே மாதத்தில் அனுமதி வழங்கியது. பத்தாண்டுகளாகப் புடக ஆய்வாளர் வாக்களித்து வந்த குருதிச் சோதனை, புடகம் இல்லாமலே வந்து சேர்ந்தது.

ஆயினும் புடகங்களின் பணி முடிந்ததென்று கூறுதல் அவசரமாகும். அல்சைமர் நோய்க்கு அமைந்தாற்போன்ற தனிப்புரதச் சோதனை பிற நோய்களுக்கு அமையவில்லை. பாக்கின்சன் நோயில் அல்பா சினுக்கிளினை நேரே அளத்தலைச் செங்குழியங்கள் கெடுக்கின்றன என்பது மேலே கூறப்பட்டது. அங்கே அளவை நோக்காது புரதத்தின் இயல்பை நோக்கும் முறை ஒன்று தோன்றியுள்ளது. உருக்குலைந்த அல்பா சினுக்கிளின் நல்ல புரதத்தையும் தன் வடிவுக்குத் திருப்பவல்லது; பாலிலிட்ட உறைமோர் முழுப்பாலையும் தயிராக்குவதுபோல. சோதனைக் குழாயில் நல்ல புரதத்தை வைத்து நோயாளரிடமிருந்து பெற்றதைச் சிறிது சேர்த்தால், உறைதல் நிகழ்கின்றதா என்று பார்க்கலாம். 2023இல் வெளியான பேராய்வொன்றில் 1,100க்கு மேற்பட்டோரின் மூளைய முண்ணாண் பாய்பொருள் இவ்வாறு சோதிக்கப்பட்டுப் பாக்கின்சன் நோயாளருள் ஏறக்குறைய 88 விழுக்காட்டினரிடம் உறைதல் காணப்பட்டது. குருதியிற் செய்தல் இயலுமா? சேர்மனியின் கீல் நகர ஆய்வாளர் 2022இல், நரம்புக் கலத்தினவென்று கருதப்பட்ட புடகங்களைக் குருதியினின்று பிரித்து அவற்றிலுள்ள புரதத்தை விதையாக இட்டனர். 30 நோயாளரிடமும் உறைதல் நிகழ்ந்தது. நலமுடைய 50 பேரிடமும் நிகழவில்லை. சிறு தொகையே, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தார் 2023இன் இறுதியில் வெளியிட்ட ஆய்வு வேறொரு கூட்டத்தாரை நோக்கியது. உறக்கத்திற் கனவு காணும்போது மனிதரின் தசைகள் தளர்ந்து கிடத்தல் இயற்கை. சிலருக்கு அத்தளர்ச்சி இல்லை. கனவில் ஓடினால் காலை உதைப்பர், கனவில் சண்டையிட்டால் அருகிற் படுத்திருப்பவரை அடிப்பர். இத்தகையோரிற் பெரும்பாலார்க்கு ஆண்டுகள் பல கழிந்தபின் பாக்கின்சன் நோயோ அதையொத்த நோயோ வருகின்றது. அவர்களுடைய குருதியில் எல்-1-காம் தூண்டிலாற் பிடித்த புடகங்களில் அல்பா சினுக்கிளின் உயர்ந்திருந்தது. பின்னர் நோயுற்ற சிலரிடம், நோய் வெளிப்படுவதற்கு ஏழாண்டுகள் முன்னரே உயர்ந்திருந்தது. தூண்டில் பழுதாயின் இம்முடிவு எவ்வாறு வந்தது என்ற வினாவுக்கு, தூண்டிலை மறுப்போரும் விடை கூறவேண்டியவரே.

மற்றொரு வழி, தூண்டிலையே விட்டுவிடுதல். மூளையின் நெற்றிப் பகுதியும் கன்னப் பகுதியும் நலியும் நோயொன்று உண்டு. நடத்தையும் மொழியுமே அதில் முதலிற் கெடும். சிலரிடம் அதற்குக் காரணம் தௌ, சிலரிடம் ரீ. டீ. பீ.-43 என்னும் வேறொரு புரதம். வெளிக்குறிகளைக் கொண்டு எது என்று கூறுதல் பெரும்பாலும் இயலாது. தௌவுக்கென ஆக்கப்படும் மருந்தை ரீ. டீ. பீ.-43 நோயாளருக்குக் கொடுத்துப் பயனில்லை என்று முடிவுகட்டும் அபாயம் இதனால் உண்டு. 2024இற் சேர்மனியின் பொன் நகர ஆய்வாளர் 700க்கு மேற்பட்டோரின் குருதிநீரிலிருந்து, மூளையின என்று தேர்ந்தெடுக்காமல் எல்லாப் புடகங்களையும் எடுத்து, அவற்றில் தௌவின் இரு வடிவங்களின் விகிதத்தையும் ரீ. டீ. பீ.-43இன் அளவையும் கணித்தனர். அவ்விரண்டையும் கொண்டு இவ்வகை நோயாளரையும், தசைகளை முடக்கும் இயக்க நரம்பு நோயாளரையும் பிரித்தறிய முடிந்ததாக அறிவித்தனர். வேறொரு நாட்டு நோயாளரின் குருதியிலும் அது ஒத்துவந்தது. முத்திரையை நோக்காது வாசகத்தை மாத்திரம் படித்தல் என்று இதனைச் சொல்லலாம். ஆயின் தசையும் ரீ. டீ. பீ.-43ஐ ஆக்குவது, படித்த வாசகம் மூளையினதா தசையினதா என்பதை இம்முறை கூறாது. பிற ஆய்வுகூடங்கள் அதே குருதியில் அதே எண்களைப் பெறுமாயின், நோயைப் பிரித்தறியும் பயனுக்கு அது போதியதாகவும் கூடும்.

தூண்டிலைக் கைவிடாதோர் புதிய தூண்டில்களைத் தேடுகின்றனர். நரம்புக் கலத்துக்கே உரியதாகவும், மென்சவ்வில் ஆழப் பதிந்து வெட்டுண்டு நீங்காததாகவும், புடகங்களின் மேல் உண்மையாகவே நிற்பதாகவும் உள்ள புரதம் வேண்டும். நரம்புக் கல மென்சவ்விலுள்ள சோடியப் பம்பியின் கூறொன்று அவ்வாறு ஆராயப்படுகின்றது. தனியொரு புரதத்தை நம்பாது இரண்டு புரதங்களை ஒருங்கே உடைய புடகத்தை மாத்திரம் எடுத்தல், புடகங்களை ஒவ்வொன்றாக ஒளிரச் செய்து பார்த்தல் என்னும் முறைகளும் வளர்கின்றன. இவற்றுள் எது வரினும், முதலில் அது அந்த நுண்துளை மணிக் குழாயின் வழியே சென்று, அல்புமினோடு வராமற் புடகங்களோடு வருகின்றதா என்று காட்டவேண்டும்.